யார் ஊரில் எரிகிறது இந்த விளக்கு?

கனடாவின் வினிபெக் கலைக்கூடம் இனுவிட் கலைக்கென்றே கட்டிய மையத்தின் பெயர் கௌமயுக். இனுக்டிடுட் மொழியில் ‘ஒளிர்கிறது’ என்று பொருள். அரசு நிதி, தனியார் நன்கொடை எல்லாம் சேர்த்து சுமார் 6.5 கோடி கனடிய டாலர் செலவு. 2021 மார்ச்சில் திறந்தார்கள்.

அதன் நடுவே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டகம். உள்ளே ஆயிரக்கணக்கான சிற்பங்கள். மற்ற அருங்காட்சியகங்கள் கிடங்கில் பூட்டி வைக்கிறதை இவர்கள் தெருவில் போகிறவருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்கள். முதல் கண்காட்சியைத் தொகுத்த நால்வரும் இனுவிட்டுகள். இதெல்லாம் சும்மா இல்லை. 1940களிலிருந்து கனடிய அரசு இனுவிட்டுகளைப் பெயருக்குப் பதில் வட்டு எண்ணால் பதிவு செய்தது. பழைய சிற்பங்கள் பலவற்றின் அடியில் அந்த எண்தான் கையெழுத்து. டேட்டாபேஸில் ஒரு வரிக்கு எண் கொடுப்பது என் அன்றாட வேலை. மனிதருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் பெயர்களைத் தேடி எழுதுவதுதான் இப்படியொரு மையத்தின் முதல் வேலை.

ஆனால் வினிபெக் இனுவிட் நிலம் இல்லை. நுனாவுட்டின் தலைநகர் இக்காலுயிட் அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் மேல், சாலையே கிடையாது. நுனாவுட் அரசு தன் 7,000-க்கும் மேற்பட்ட படைப்புகளை வினிபெக்குக்குக் கடனாகத் தந்திருக்கிறது. அதற்கு முன் அவை எல்லோநைஃபில் இருந்தன. அதுவும் வேறு பிரதேசம்தான். காரணம் எளிமையானது: சொந்த மண்ணில் அவற்றை வைக்க ஒரு பாரம்பரிய மையம் இல்லை. அப்படியொன்று அவசரத் தேவை என்று 1993 நுனாவுட் ஒப்பந்தத்திலேயே எழுதியாகிவிட்டது. இக்காலுயிட்டில் கட்டுவதற்கான வடிவமைப்பை 2023இல்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பணம் இருக்கிற ஊரில்தான் நன்கொடை திரளும். சுமார் நாற்பதாயிரம் பேரே இருக்கிற பிரதேசத்தில் யாரிடம் போய்க் கேட்பது? அதனால் வடக்கில் கட்டவே முடியாது என்று ஆகிவிடாது. கின்காயிட்டில் 1950களின் இறுதியில் அச்சுக்கலை தொடங்கியது. அங்கேயே 2018இல் கெனோஜுவாக் அஷேவாக்கின் பெயரில் பண்பாட்டு மையமும் அச்சுக்கூடமும் திறந்தார்கள். கலைஞர் நடந்துபோய் வேலை செய்கிற இடம் அது.

கௌமயுக் கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நல்ல விருந்தினர் இல்லம். அதைச் சொந்த வீடென்று கொண்டாடினால்தான் சிக்கல். கடனாக வந்தவை ஒருநாள் வடக்கே திரும்புவதற்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதை வைத்துத்தான் அதன் வெற்றியை அளப்பேன்.