பெத்ரோ இன்ஃபாந்தே: பேச்சுக்கும் பாட்டுக்கும் ஒரே குரல்

மாரியாச்சி இசைக்குழுவோடு பாட நல்ல தெம்பு வேண்டும். டிரம்பெட்டுகளும் வயலின் வரிசையும் கிட்டார்களும் சேர்ந்து எழுப்பும் ஓசையைத் தாண்டிக் குரல் கேட்க வேண்டும். அதனாலேயே மெக்ஸிகோவின் ராஞ்செரா பாடகர்கள் பலர் நெஞ்சை நிமிர்த்தி, முழுத்தொண்டையில் பாடினார்கள். பெத்ரோ இன்ஃபாந்தே அதே வாத்தியங்களுக்கு நடுவே நின்று, எதிரில் இருப்பவரிடம் மனம்விட்டுப் பேசுவதுபோலப் பாடினார். அவரை இன்றும் கேட்க வைப்பது அந்த நெருக்கம்தான்.

1917இல் மஸாத்லான் துறைமுக நகரில் பிறந்து, குவாமூச்சில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். கையில் தச்சுத் தொழில் இருந்தது. மெக்ஸிகோ நகரத்துக்கு வந்து வானொலியில் பாடினார். 1940களில் இசைத்தட்டும் சினிமாவும் அவரை நாடெங்கும் கொண்டுசேர்த்தன.

இயக்குநர் இஸ்மாயேல் ரோத்ரிகேஸின் ‘நொசோத்ரோஸ் லோஸ் போப்ரெஸ்’ (1948) படத்தில் அவருக்குத் தச்சர் வேடம். ஏழைகள் குடியிருப்பில் வாழும் பெப்பே எல் தோரோ, காதலியை நினைத்து ‘அமோர்சித்தோ கொராசோன்’ பாடுகிறான். பாட்டினூடே இருவரும் சீழ்க்கையால் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்கிறார்கள். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. மேடைப் பாட்டின் மிடுக்கு துளியும் இல்லை.

அந்த மிடுக்குக்கு உச்சம் ஹோர்ஹே நெக்ரேட்டே. முறையாக ஆபரா பயின்ற கனத்த குரல் அவருடையது. இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் ‘தோஸ் திப்போஸ் தெ குய்தாதோ’. அதில் ஒரு விருந்தில் இரண்டு நண்பர்களும் பாட்டாலேயே ஒருவரையொருவர் சீண்டி வம்புக்கு இழுக்கிறார்கள். நெக்ரேட்டே கம்பீரமாக நின்று அடிகளை வீசுகிறார். இன்ஃபாந்தே சொல்லின் நடுவே ஒரு சிரிப்பை ஒளித்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறார். எதிரெதிரான இரண்டு பாணிகளும் ஒன்றையொன்று உரசித் துலங்கும் காட்சி அது.

நடிப்பிலும் இதே கைவண்ணம்தான். ‘உஸ்தேதெஸ் லோஸ் ரிகோஸ்’ படத்தில் தீயில் கருகிய மகனின் உடலை ஏந்தி நிற்கும் அதே பெப்பே, அழுகையும் சிரிப்பும் கலந்து நிலைகுலைகிறான். கதை மிகையுணர்ச்சிக் கதைதான். ஆனால் அந்தக் குரல் உடைகிற விதத்தில் பொய் இல்லை. 1957 ஏப்ரல் 15 அன்று மெரிதா நகரில் நடந்த விமான விபத்தில் 39 வயதில் இன்ஃபாந்தே இறந்தார். அதே ஆண்டு ‘தீசோக்’ படத்துக்காகப் பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது அவருக்குக் கிடைத்தது.

பொலேரோ என்னும் காதல் பாடல் வகையின் மென்மையை மாரியாச்சியின் முழக்கத்தோடு இணைத்த ‘பொலேரோ ராஞ்செரோ’ பாணியை மக்களிடம் நிலைநாட்டியவர்களில் அவர் முதன்மையானவர். புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ரூபென் ஃபுவெந்தெஸும் அல்பெர்த்தோ செர்வாந்தெஸும் எழுதிய ‘சியென் அன்யோஸ்’ பாடலிலிருந்து ஆரம்பிக்கலாம். கண்டும் காணாமல் கடந்துபோகும் காதலியைப் பற்றிய பாட்டு. வேறொருவர் பாடினால் புலம்பலாகிவிடக்கூடிய இடங்களில் இன்ஃபாந்தே குரலை உயர்த்துவதில்லை. அடியின் கடைசிச் சொல்லைச் சற்றே நீட்டி, மெதுவாக இறக்கிவைத்துவிட்டு, அடுத்த அடிக்குப் போகிறார்.