ஒரே அம்பில் சாக வேண்டிய ராட்சசன்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட மேசை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பகடை உருட்டி, கதை சொல்லி, பூதங்களோடு மோதும் ஆட்டம். விதிகள் பலமுறை மாறின. பழைய பூதங்களும் ஒவ்வொரு முறையும் புதுக்கணக்குக்கு மாற்றப்பட்டன. அந்த வேலை எப்படி நடந்தது என்று நிறுத்துப் பார்க்கக் மலேசியாவின் கெடா மாநிலத் தமிழருக்குத் தனி உரிமை உண்டு. அந்தப் பூதங்களின் பட்டியலில் ராமாயணத்து ராட்சசனும் இருக்கிறான், மலாய்க் கம்பத்துப் பெனாங்கலானும் இருக்கிறாள்.

1977இல் வந்த பூதக் கையேட்டில் ராட்சசனின் தற்காப்பு எண் கழித்தல் 4. அன்று எண் குறையக் குறைய வலிமை. இன்றைய கணக்கில் அது 24. உயிர்ப்புள்ளி சராசரியாக 31தான். எட்டாம் படிக்குக் கீழான மந்திரம் எதுவும் அவனைத் தீண்டாது. ஆனால் பூசாரி ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் அந்த இடத்திலேயே சாவு. இந்த அம்பு 1974இல் வந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. நம் புராணத்தில் கிடையாது. ஆனாலும் பொருந்துகிறது. தேவர், அசுரரால் சாவு வேண்டாம் என்று வரம் கேட்ட இராவணன் மனிதரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த இடைவெளி வழியாகத்தான் இராமன் வந்தான். ராட்சசனின் பலவீனம் வரத்தின் ஓட்டை. அதைக் கண்டுபிடிப்பதே கதை.

2014 பதிப்பில் அதே ராட்சசனுக்குத் தற்காப்பு 16, உயிர்ப்புள்ளி 110. இதில் எனக்குக் குறையில்லை. புது விதியில் 24 என்றால் வீரர்கள் முக்கால்வாசி நேரம் வெறும் காற்றையே வெட்டிக்கொண்டிருப்பார்கள். அடி படட்டும், உயிர் நீளட்டும் என்பது நியாயமான மாற்று. தவறு அம்பில் நடந்தது. நல்லவர் கையிலுள்ள மந்திர ஆயுதம் குத்தினால் சேதம் இரட்டிப்பு, அவ்வளவுதான். ஓர் அம்பு பத்துப் புள்ளி என்று கொண்டால், இரட்டித்து இருபது. ஆறு அம்பு பட வேண்டும். ரகசியம் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒரே சண்டையைத்தான் போடுகிறார்கள், தெரிந்தவன் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கிறான்.

எதிர்வாதம் வலுவானது. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து மாலை முழுதும் காத்திருந்த மோதல் ஒரே பகடையில் முடிந்தால் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். உண்மை. ஆனால் பழைய விதியில் சண்டை அம்பை எய்யும்போது தொடங்கவில்லை. மாயையால் நண்பன் உருவில் வந்திருப்பவன் ராட்சசன் என்று அறிவது, அம்பைத் தேடுவது, அதை ஆசீர்வதிக்க ஒருவரைக் கண்டுபிடிப்பது என்று எல்லாமே சண்டைதான். புதுவிதி எழுதியவர்கள் கடைசி நிமிடத்தை மட்டும் அளந்தார்கள்.

2025 கையேடு ஆசீர்வாதத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆசி மந்திரத்தின் கீழிருப்பவர் குத்தினால் இரட்டிப்பு. பெயரளவில் மீட்பு, பொருளளவில் இழப்பு. அந்த மந்திரம் முதல் படியிலேயே கிடைப்பது. பல குழுக்கள் வழக்கமாகப் போட்டுக்கொள்வது. ராட்சசனைப் பற்றி ஒரு வார்த்தை அறியாமலே அவன் பலவீனத்தைத் தொட்டுவிடலாம்.

பெனாங்கலான் 1981இல் ஃபீண்ட் ஃபோலியோ நூலில் இடம்பெற்றாள். உடலை விட்டுத் தலையும் குடலுமாகப் பறந்து, பிள்ளை பெற்ற வீட்டைத் தேடி வருபவள். மலாய் வழக்கில் அவளைத் தடுப்பது வாளல்ல. வீட்டைச் சுற்றி மெங்குவாங் தாழையின் முள்ளோலை தொங்கவிடுவார்கள், குடல் சிக்கிக்கொள்ளும். திரும்பி வந்தவள் வீங்கிய குடலைக் காடியில் ஊறவைத்துத்தான் உடலுக்குள் நுழைய முடியும். அவளைப் புது விதிக்கு எழுதுகிறவர் பறக்கும் வேகத்தையும் கடியின் சேதத்தையும் மட்டும் குறித்தால், அது பெயர் மாற்றிய வௌவால்.

ஆகவே என் தீர்ப்பு: எண்களைப் புது விதிப்படி மாற்றுங்கள், தயக்கமே வேண்டாம். கொல்லும் வழியைக் குறைக்காதீர்கள். அம்பு பட்டால் ராட்சசன் சாகட்டும். ஆனால் ஆசி ஓர் அம்புக்கு மட்டும், அதுவும் எளிதில் கிடைக்காததாக இருக்கட்டும். மற்ற நாலு பேருக்கும் வேலை வேண்டுமென்றால், எய்பவனுக்குக் குறி கிடைக்கும்வரை ராட்சசனை மாயையிலிருந்து வெளியே இழுத்து வைப்பது அவர்கள் பொறுப்பு. கெடாவின் ராஜா பெர்சியோங்கை யாரேனும் இந்த ஆட்டத்துக்குக் கொண்டுவந்தாலும் இதே அளவுகோல்தான். கீரைக்கறியில் விழுந்த இரத்தத் துளியைச் சுவைத்துக் கோரைப்பல் முளைத்த அரசன் அவன். பிடுங்கி வீசிய பல் விழுந்த இடமே பாலிங் என்பது கதை. அவனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி வேண்டுமானாலும் கொடுக்கலாம், அந்தப் பல்லைப் பிடுங்க வைக்கும் வழி விதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.