சுவையும் தரமும்: ‘வெண்பா’ விளையாட்டை முன்வைத்து

ஒரு நூலைப் படித்தவரிடமோ ஒரு விளையாட்டை ஆடியவரிடமோ ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால், ‘நன்றாக இருந்தது’ என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இவ்விடையில் இரு தீர்ப்புகள் கலந்து கிடக்கின்றன. ‘நான் அதில் இன்பம் கண்டேன்’ என்பது ஒன்று. ‘அது செம்மையாக ஆக்கப்பட்டிருக்கிறது’ என்பது மற்றொன்று. முன்னது சொல்பவரைப் பற்றிய செய்தி. பின்னது சொல்லப்படும் பொருளைப் பற்றிய செய்தி. நூல்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டை நாம் ஓரளவு அறிந்திருக்கிறோம். நம் பிள்ளைகளின் பொழுதைக் கவர்ந்துகொள்ளும் வீடியோ விளையாட்டுகளைப் பொறுத்தவரை அதனை எண்ணிப் பார்ப்பதே இல்லை. பெரியவர்கள் ‘வீண்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இளையவர்கள் ‘ஜாலி’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் திறனாய்வு இல்லை.

விளையாட்டுக்குத் திறனாய்வா என்று வியக்க வேண்டியதில்லை. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாக எண்ணியது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். அரபு உலகிலோ, விளையாட்டிலும் கவிதைத் திறனாய்விலும் ஒருசேரப் புலமை பெற்ற ஓர் அறிஞரையே காண்கிறோம். கி.பி. 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூபக்ர் அஸ்ஸூலீ, அப்பாஸியக் கலீஃபாக்களின் அவையில் சதுரங்க வல்லுநராகத் திகழ்ந்தவர். சதுரங்கம் பற்றி நூலும் எழுதியவர். அவரே அபூ தம்மாம் என்னும் பெருங்கவிஞரின் கவிதைக்காக வழக்காடி ‘அக்பாரு அபீ தம்மாம்’ என்னும் நூலையும் இயற்றினார்.

அவ்வழக்கு நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. அபூ தம்மாமின் கவிதை கடினமானது. நுண்பொருளும் அணிநயமும் செறிந்தது. அவருடைய மாணவர் எனக் கருதப்படும் அல்புஹ்துரீயின் கவிதையோ தெள்ளிய நீரோட்டம் போன்றது. கேட்ட மாத்திரத்தில் இனிப்பது. இருவருள் சிறந்தவர் யார் என்னும் பூசல் நெடுங்காலம் நடந்தது. ‘அல்முவாஸனா’ எழுதிய அல்ஆமிதீ, இத்தகைய விருப்பம் வாசகரின் இயல்பைப் பொறுத்து அமைவது என்பதை உணர்ந்தவர். ஆகவே பொதுப்படப் பேசுவதோடு நில்லாமல், ஒரே பொருளை இருவரும் பாடிய இடங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டார். 11ஆம் நூற்றாண்டில் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ ஒருபடி மேலே சென்றார். ஒரு சொற்றொடரை அழகென்று நீ கருதினால், அக்கருத்துக்கு அறியத்தக்க ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும். அதனை எடுத்துச் சொல்ல இயலவும் வேண்டும் என்பது ‘தலாஇலுல் இஃஜாஸ்’ நூலில் அவர் வற்புறுத்தும் கருத்து. சுவை உணர்வு (தவ்க்) இல்லாதவனோடு கவிதை பேசிப் பயனில்லை என்பதையும் அவர் ஒப்புகிறார். ஆயின் சுவைத்ததோடு நின்றுவிடுபவன் அறிஞன் ஆகான்.

மார்க்கச் சட்ட அறிஞர்களும் விளையாட்டின் உள்ளமைப்பை நோக்கத் தவறவில்லை. ‘நர்த்’ என்னும் பகடையாட்டத்தை ஹதீஸ்களின் அடிப்படையில் பெரும்பாலான ஃபுகஹாக்கள் விலக்கினர். சதுரங்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. சூதும் தொழுகை தவறுதலும் சேராதவரை அது மக்ரூஹ் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்கப்பட்ட கருத்து. ஹனஃபீ மத்ஹபின் நிலை இதனினும் கடுமையானது. இவ்விரு ஆட்டங்களையும் வேறுபடுத்தியோர் காட்டிய காரணங்களுள் ஒன்று, பகடை வாய்ப்பைச் சார்ந்தது, சதுரங்கம் சிந்தனையைச் சார்ந்தது என்பதாகும். ஆடுபவன் எவ்வளவு மகிழ்கிறான் என்பதை அவர்கள் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஆட்டம் எவ்வாறு இயங்குகிறது என்பதையே பார்த்தனர். ‘ஆகுமா, ஆகாதா?’ என்னும் கேள்வி வேறு, ‘ஆகுமாயின் எத்தகையது?’ என்னும் கேள்வி வேறு. எனினும் பின்னதற்குரிய பார்வையை அவர்களிடமிருந்தே நாம் கற்கலாம்.

அப்பார்வையோடு நம் பக்கத்து ஆட்டங்களை நோக்குவோம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் வேலைப்பாடு மிக்க பல்லாங்குழிப் பலகைகளைக் காணலாம். அச்செதுக்கு வேலை பலகையின் தரமேயன்றி ஆட்டத்தின் தரம் அன்று. மண்ணில் பதினான்கு குழி தோண்டினாலும் ஆட்டம் அதுவே. இன்றைய வீடியோ விளையாட்டின் ஒளிரும் காட்சிகளைக் கண்டு மயங்குவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். பரமபத ஆட்டத்தில் சிறுவர் அடையும் பரபரப்புக்கு அளவில்லை. ஏணியில் ஏறும்போது ஆரவாரம், பாம்பில் இறங்கும்போது அழுகை. ஆனால் காயை நகர்த்துபவனுக்கு அதில் முடிவு செய்ய ஒன்றுமே இல்லை. எல்லாம் பகடையின் செயல். ஆடுபுலி ஆட்டமோ கல்தரையில் கீறிய சில கோடுகளில் நடப்பது. மூன்று புலிகள் வெட்டும். பதினைந்து ஆடுகளால் வெட்ட இயலாது, அடைக்கத்தான் இயலும். சமமற்ற இரு தரப்பைச் சமமான போட்டியாக்கிய அவ்வமைப்பு வியக்கத்தக்கது. சிறுவன் ஒருவனுக்கு அது சலிப்பூட்டலாம். அதனால் அதன் தரம் குறைவதில்லை. பரமபதம் அவனை மகிழ்விப்பதால் அதன் ஆட்டத்தரம் உயர்ந்துவிடுவதும் இல்லை.

இனித் தமிழர் ஆக்கிய ஒரு வீடியோ விளையாட்டைக் காண்போம். கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’ உலகின் கவனத்தை ஈர்த்தது. 2024இல் சுயாதீன விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதற்பெரும் பரிசும், முதற்படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. 1980களின் இறுதியில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்குப் பிறந்து வளரும் மகன் கவின் ஆகியோரின் கதை அது. தாய் எழுதிய சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபடிந்தும் கிடக்கிறது. விடுபட்டவற்றை ஊகித்து இட்லியும் புட்டும் பிறவும் சமைப்பதே ஆடுபவரின் வேலை.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். தோல்வி என்பது அதில் இல்லை. தவறினால் மீண்டும் முயலலாம். நம் சமையலறையில் பழகியவர்க்குப் பெரும்பாலான புதிர்கள் புதிர்களே அல்ல. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் சில்லை எப்போது இடுவது என்பன நம் வீட்டுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்பவை. போட்டியையும் வெற்றியையும் நாடும் இளைஞன் ஒருவன் ‘இதில் ஆட என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது இன்பம் தரவில்லை, அவ்வளவே.

ஆனால் காரணத்தைத் தேடுவோர்க்கு ஜுர்ஜானீ கேட்ட விடை கிடைக்கிறது. இவ்விளையாட்டில் செயலும் பொருளும் ஒன்றாகவே இயங்குகின்றன. அழிந்த வரியை ஊகித்து நிரப்புவது வெறும் புதிர் அன்று. தாய்நாட்டை விட்டு வந்தவள் தன் மரபை நினைவிலிருந்து மீட்கும் முயற்சியே அது. பள்ளிச் சூழலுக்கு அஞ்சி வீட்டுணவை ஒதுக்கிய மகன், பின்னாளில் தாயின் குறிப்பேட்டுத் தமிழைத் தடுமாறிப் படிக்க நேரும்போது, அத்தடுமாற்றம் ஆடுபவரின் கையிலும் வந்து சேர்கிறது. திரைப்படமோ சிறுகதையோ காட்டத்தான் இயலும். இங்கு நாமே அத்தடுமாற்றத்தைச் செய்கிறோம். விளையாட்டு என்னும் வடிவத்துக்கே உரிய ஆற்றல் இது. இதுவே அதன் தரம். குறையும் உண்டு: புதிர்கள் சிலவே, எளியவையே, ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிச் செல்வதால் கணவன் மனைவி உறவு ஆழம் பெறுமுன் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. தரத்தைப் பேசும்போது இவ்வாறு நிறையையும் குறையையும் சுட்டிக்காட்ட முடிகிறது; பிறர் அதனை ஆராய்ந்து மறுக்கவும் முடிகிறது. ‘எனக்குப் பிடித்தது’ என்பதை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத ஒன்றில் விவாதத்துக்கும் இடமில்லை.

‘விளையாட்டின் ஒரே நோக்கம் இன்பம்தானே? இன்பம் தராத விளையாட்டுக்குத் தரம் ஏது?’ என்று வினவலாம். வலுவான வினாதான். எவருக்கும், எந்நாளும் இன்பம் தராத விளையாட்டைத் தரமானது என்று சொல்வது வீண். ஆகவே இன்பத்தைத் தள்ளிவிட இயலாது. எனினும் அது சாட்சியேயன்றி நீதிபதி அன்று. காழீயின் முன் சாட்சி சொல்பவரின் நிலையை விசாரித்து அறிவது நம் சட்டமரபு. அவ்வாறே இன்பத்தின் சாட்சியத்தையும் விசாரிக்க வேண்டும்: அது பழக்கத்தால் வந்ததா, பளபளப்பால் வந்ததா, ஊர்ப்பாசத்தால் வந்ததா, ஆட்டத்தின் அமைப்பால் வந்ததா? ‘வெண்பா’வில் தமிழ் ஒலியைக் கேட்டு நமக்குள் எழும் மகிழ்ச்சியில் ஊர்ப்பாசத்தின் பங்கு எவ்வளவு என்பதையும் இவ்விடத்தில் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்விசாரணை இல்லாவிட்டால் விளையும் தீங்கு சிறிதன்று. இன்பத்தைப் போலவே தோன்றி இன்பமாக இல்லாத ஒன்று உண்டு. அதனை ஈர்ப்பு எனலாம். இணைய ரம்மி தமிழகத்தில் பல குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியது. தமிழக அரசு 2022இல் தடைச்சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறனாட்டங்கள் எனக்கூறி, அவற்றை அத்தடையிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. அதில் சிக்கியவன் எழ முடியாமல் ஆடினானேயன்றி மகிழ்ந்து ஆடவில்லை. எழ முடியாமையைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளும் பிழை, பணம் வைக்காத விளையாட்டுகளைப் பற்றிய இளைஞர் பேச்சிலும் உண்டு. ‘விடிய விடிய ஆடினேன்’ என்பதைப் பாராட்டுரையாகவே சொல்கிறார்கள்.

தடுக்க வேண்டியதைத் தடுப்பது பெற்றோரின் கடமை. ஆயினும் தடை ஒன்றையே கற்ற பிள்ளை, தடுப்பவர் இல்லாத இடத்தில் எதைக்கொண்டு தேர்ந்தெடுக்கும்? தான் ஆடிய விளையாட்டைப் பற்றி ‘பிடித்தது’ என்று அது சொல்லும்போது, ‘எதனால்?’ என்று நாம் கேட்க வேண்டும். விடையைப் பொறுமையாகக் கேட்கவும் வேண்டும். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை, தனக்குப் பிடித்த விளையாட்டிலும் குறை காணும். பிடிக்காததிலும் நிறை காணும். நம் மதரஸாக்களில் ‘பலாகத்’ பாடத்தின் வழியே நாம் ஊட்ட விரும்பும் பயிற்சியும் இதுவேயாகும்.