'தசரா'வில் நானி: கரி பூசிய ஆட்டம்

2023 மார்ச் 30-ல் வெளியான 'தசரா' தெலுங்குப் படத்தில் நானி ஏற்ற வேடம் தரணி. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களை ஒட்டிய வீர்லபள்ளி கிராமத்து இளைஞன். ஓடும் சரக்கு ரயிலில் ஏறிக் கரி திருடுவது அவன் பிழைப்பு. இயக்குநர் ஸ்ரீகாந்த் ஓதெலாவுக்கு இதுவே முதல் படம்.

சிங்கரேணி நிறுவனம் 1920-ல் பதிவானது. செகந்திராபாத்திலிருந்து வடக்கே போகும் ராஜீவ் ரகதாரி சாலையைப் பிடித்தால் அதன் ராமகுண்டம் சுரங்கப் பகுதிக்குப் போய்விடலாம். சாலை வழியே எட்டிவிடும் இந்தச் சுரங்கப் பகுதி, நானியின் நடிப்புக்குத் தொலைவானது. அவர் பெயர் வாங்கியது பெரும்பாலும் படபடவென்று பேசும் நகரத்துப் பையன்களாக. தரணியோ அதிகம் பேசாதவன். குடித்தால்தான் அவனுக்குத் தைரியம் வரும்.

'ஜெர்சி'யில் (2019) கிரிக்கெட் அணிக்குத் தேர்வான செய்தி கேட்டதும், ரயில் இரைச்சலுக்குள் நின்று நானி கத்துவார். அவர் நடிப்பின் உச்சம் என்று பலர் சொல்லும் காட்சி அது. தரணிக்கு அப்படிக் கொட்டித் தீர்க்க இடமில்லை. வெண்ணிலா (கீர்த்தி சுரேஷ்) மீதான ஆசையை நண்பன் சூரிக்காக விழுங்குகிறான். சூரி கொலையான பின், விதவைச் சடங்குக்கு நடுவே அவள் கழுத்தில் தாலி கட்டுகிறான். சர்ச்சைக்குரிய கட்டம்தான். நானி அங்கே வீரம் காட்டவில்லை; தான் செய்ததைக் கண்டு தானே மிரண்டவனைப் போல நிற்கிறார். சடைமுடியும் புழுதியும் மறைத்த முகத்தில் மிஞ்சுவது கண்கள் மட்டும். அவற்றையே ஆயுதமாக்கியிருக்கிறார்.

இறுதிச் சண்டையில் இந்த நிதானம் போய்விடுகிறது. பயந்தாங்கொள்ளி வழக்கமான நாயகனாகிவிடுகிறான், அரிவாள் பேசுகிறது. நானிக்கும் கீர்த்திக்கும் அந்த ஆண்டின் தெலுங்கு ஃபிலிம்ஃபேர் விருதுகள் கிடைத்தன. முதல் பாதிக்கே அவை தகும்.

சுரங்க வாழ்வைக் காட்டுவதில், ஜிரா மலிகுல் இயக்கிய தாய்லாந்துப் படம் 'தி டின் மைன்' (2005) எதிர்த் திசையில் போகிறது. 1949-ல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட மாணவன், தென் தாய்லாந்தின் வெள்ளீயச் சுரங்கத்தில் உழைப்பைக் கற்கிறான். அங்கே வேலைதான் கதை. 'தசரா'வில் கரி உழைப்பு பின்னுக்குப் போகிறது. சாராயக் கடையும் ஊர் அரசியலும் முன்னுக்கு வருகின்றன. அதனால் நானிக்குத் தொழிலாளியின் உடலை நடித்துக் காட்டும் வாய்ப்பு, ரயில் காட்சிகளைத் தாண்டி அதிகம் அமையவில்லை.