இடைமறிப்பின் இங்கிதம்

புதிதாக ஒரு புரோகிராம் கைக்கு வந்தால், அது மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோல்-சி அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். சில, பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தியைக் கொட்டிவிட்டு விழும். சில, டெர்மினலையே குலைத்துவிட்டுப் போகும். அப்புறம் நாம் தட்டும் எழுத்துகூடத் திரையில் தெரியாது. அபூர்வமாக ஒன்று, பாதி எழுதிய தற்காலிகக் கோப்பை அழித்து, கர்சரை ஒழுங்குசெய்து, அலட்டாமல் விலகும். அதை எழுதியவர் யார் என்று தேடத் தோன்றும்.

விலகுவதிலும் தரம் உண்டு. கன்ட்ரோல்-சி அழுத்தினால் புரோகிராமுக்கு வரும் சிக்இன்ட் என்ற சிக்னலின் எண் 2. அதனால் செத்த புரோகிராமுக்கு ஷெல் 128-ஐக் கூட்டி 130 என்று காட்டும். சுத்தம் செய்துவிட்டு 130 என்ற எண்ணோடு வெளியேறினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் பாஷ் ஏமாறாது. ஒரு கோப்புறையில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கும் லூப் ஓடுகிறது என்று வையுங்கள். புரோகிராம் தானாக வெளியேறியிருந்தால், சிக்னலை அதுவே சமாளித்துக்கொண்டது என்று எண்ணி, பாஷ் அடுத்த படத்துக்குப் போய்விடும். நாம் கன்ட்ரோல்-சியைக் குத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விஷயம் தெரிந்தவர் எழுதிய புரோகிராம், சுத்தம் முடிந்ததும் அந்தச் சிக்னலின் இயல்பு நடத்தையைத் திரும்ப அமைத்து, அதே சிக்னலைத் தனக்கே அனுப்பிக்கொண்டு சாகும். கூடுதலாக இரண்டே வரி. லூப்பும் அங்கேயே நின்றுவிடும்.

யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இந்த நயத்துக்கெல்லாம் இடமில்லை. சிக்னல் வந்தால் ஓட வேண்டும் என்று நாம் பதிந்துவைக்கும் ஹேண்ட்லர் ஒருமுறை அழைக்கப்பட்டதும் அதன் பதிவு போய்விடும். மறுபடி பதிவதற்குள் இன்னொரு சிக்னல் வந்தால் ஆள் காலி. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி அந்த ஓட்டையை அடைத்தது.

அடைக்க முடியாதது வேறொன்று. எந்த இரண்டு இயந்திரக் கட்டளைகளுக்கு நடுவிலும் கெர்னல் புகுந்து ஹேண்ட்லரை ஓட்டலாம். புரோகிராம் அப்போது மால்லாக்கின் உள்ளே நினைவகத் துண்டு ஒன்றைப் பட்டியலிலிருந்து பாதி கழற்றிய நிலையில் இருக்கலாம். ஹேண்ட்லரிலோ அப்பாவியாக ஒரு பிரின்ட்எஃப்; அதுவும் மால்லாக்கைத் தேடிப் போகும். கடைக்காரர் பாதி எண்ணிய கல்லாவில் இன்னொரு கை நுழைந்த கதைதான். பூட்டு போட்டிருந்தால் புரோகிராம் உறைந்து நிற்கும். பூட்டு இல்லையென்றால் கணக்கு சிதறும். ஹேண்ட்லருக்குள் எதையெல்லாம் அழைக்கலாம் என்று பாசிக்ஸ் தரம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. ரைட் அதில் உண்டு, பிரின்ட்எஃப் கிடையாது.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதை ஒதுக்க வேண்டாம். 2024 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்ஹெச் ஓட்டை இதேதான். 120 விநாடிக்குள் லாகின் செய்யாத இணைப்பைத் துண்டிக்க சிக்அலார்ம் வரும். அதன் ஹேண்ட்லர் சிஸ்லாக்கை அழைக்க, ஜிலிப்சியின் சிஸ்லாக் மால்லாக்கைத் தொட, பொறுமையாகக் காத்திருக்கும் திருடனுக்கு ரூட் அதிகாரமே கிடைக்கலாம் என்ற நிலை. 2006-இல் சரிசெய்த அதே குறை, 2020-இல் நடந்த ஒரு மாற்றத்தால் திரும்பி வந்திருந்தது. ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் தப்பினார்கள்: ஹேண்ட்லருக்குள்ளும் பத்திரமாக ஓடும் தனி சிஸ்லாக்கை அவர்கள் முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆக, நல்ல ஹேண்ட்லர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும். சிக்னல் வந்தது என்று ஒரு கொடியை உயர்த்திவிட்டுத் திரும்பிவிடும். அதிலும் ஒரு சந்து உண்டு: கொடியைப் பார்த்தாயிற்று, இல்லை; தூங்கப் போகலாம் என்று செலக்ட்டை அழைப்பதற்குள் சிக்னல் வந்துவிட்டால்? புரோகிராம் தெரியாமலே தூங்கும். டேனியல் பெர்ன்ஸ்டைன் சொன்ன தந்திரம் இதற்குத்தான். புரோகிராம் தனக்கே ஒரு பைப் போட்டுக்கொள்ளும். ஹேண்ட்லர் அதில் ஒரு பைட் எழுதும். செலக்ட் மற்ற இணைப்புகளோடு அதையும் பார்த்துக்கொண்டிருக்கும். எங்கிருந்தோ வந்த குறுக்கீடு வரிசையில் நிற்கும் இன்னொரு செய்தியாகிவிடுகிறது. லினக்ஸ் 2007-இல் சிக்னல்எஃப்டி என்று கெர்னலிலேயே வசதி செய்து கொடுத்தது. எனக்கு என்னவோ அந்தப் பழைய பைப்தான் பிடிக்கும். எந்த யூனிக்ஸிலும் ஓடும்.

மொழிகள் பிறகு இந்தப் புத்தியைத் தங்களுக்குள் வாங்கிக்கொண்டன. பெர்ல் 5.8-இலிருந்து சிக்னலைப் பத்திரமான இடம் வரும்வரை தள்ளிவைத்தது. பைத்தானும் கொடியை மட்டும் உயர்த்திவிட்டு, மெயின் திரெட்டில் பைட்கோட் கட்டளைகளுக்கு நடுவே ஹேண்ட்லரை ஓட்டும். கன்ட்ரோல்-சியை எக்ஸப்ஷனாக எறிவது மட்டும் எனக்கு முழுச் சம்மதமில்லை. சுத்தம் செய்யும் ஃபைனலி பகுதியின் நடுவிலேயே அது வந்து விழலாம். வெளியே அனுப்பிய வம்பைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டதுபோல் ஆகிறது.

கோ மொழியில்தான் என் மனம் நிற்கிறது. அங்கே ஹேண்ட்லர் என்ற ஒன்றே நம் கண்ணில் படாது. நோட்டிஃபையிடம் ஒரு சேனலைக் கொடுத்தால், ரன்டைம் சிக்னலை வாங்கி அதில் போடும்; நாம் சாதாரண கோரூட்டீனில் சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரின்ட் செய்யலாம், பூட்டலாம், திறக்கலாம். ஒரு கண்டிப்பு உண்டு: சேனலுக்கு ஓர் இடமாவது பஃபர் வேண்டும். வாங்க ஆள் தயாராக இல்லையென்றால் ரன்டைம் காத்திருக்காது, சிக்னலைக் கீழே போட்டுவிட்டுப் போகும். 1.16 பதிப்பில் வந்த நோட்டிஃபைகான்டெக்ஸ்ட் இன்னும் இதம். முதல் கன்ட்ரோல்-சிக்கு கான்டெக்ஸ்ட் ரத்தாகும். உடனே ஸ்டாப்பை அழைத்துவிட்டால் சிக்னலின் இயல்பு நடத்தை திரும்பிவிடும். பொறுமையிழந்தவர் இரண்டாவது முறை அழுத்தினால் புரோகிராம் அந்தக் கணமே சாகும். முதல் தட்டுக்கு மரியாதை, இரண்டாவதற்குக் கீழ்ப்படிதல்.

அதே கோ, 1.14 பதிப்பிலிருந்து தன் கோரூட்டீன்களை இடைமறிக்கத் தானே சிக்னலைப் பயன்படுத்துகிறது. நெடுநேரம் சுற்றும் லூப்பை நிறுத்த சிக்அர்ஜ் அனுப்பும். சாக்கெட்டில் அவசரத் தரவு வந்ததைச் சொல்லப் பிறந்த அந்தச் சிக்னலை இன்று யாரும் சீந்துவதில்லை. தவறிப்போய் வந்தாலும் பாதகமில்லை. எஸ்டிரேஸ் போட்டுப் பார்த்தால் மழையாகப் பொழிவது தெரியும்.

சீந்துவாரற்ற சிக்னலுக்கு வேலை கொடுப்பதில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரையும் சொல்ல வேண்டும். மாஸ்டருக்கு யூஎஸ்ஆர்2 அனுப்பினால் புதிய பைனரி, பழையவரின் சாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு பக்கத்தில் எழும். பிறகு பழைய மாஸ்டருக்கு வின்ச். டெர்மினல் ஜன்னலின் அளவு மாறியதைச் சொல்லும் சிக்னல் அது. ஜன்னலே இல்லாத சர்வரில் அது ஒர்க்கர்களைப் பதமாக அனுப்பிவைக்கும் ஆணை. புதியது சரியில்லையா, பழைய மாஸ்டருக்கு ஹப் அனுப்பினால் அதன் ஒர்க்கர்கள் மறுபடி வந்து நிற்பார்கள். சரியென்றால் க்விட். சோதனை சர்வர் ஒன்றில் இதைச் செய்துகொண்டே, பக்கத்து டெர்மினலில் அக்சஸ் லாகை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு கோரிக்கைகூட விடுபட்டிருக்காது.