திண்ணனார் வில்லும் கரணமாற்றமும்

மக்கட்கு இயல்பாயுள்ள சினம், வேட்கை, கொலைவிருப்பு முதலிய முரட்டு ஊக்கங்கள் அழித்தற்குரியனவோ, நல்வழியிற் செலுத்தி ஆக்கத்திற்குப் பயன்படுத்தற்குரியனவோ என்னும் வினா பழையது. மேனாட்டு மனநூலறிஞர் சிக்மண்ட் பிராய்டு (1856–1939) பின்னையதற்கே சிறப்பளித்தனர். கலைஞன் படைத்தலினும் அறிஞன் ஆராய்தலினும் எய்தும் இன்பம், அவ்வூக்கங்கள் திசைமாறியதனால் விளைந்த பயன் என்பது அவர் கருத்து. ஆயினும் அது சிறப்பாற்றல் வாய்ந்த சிலர்க்கே இயலும் என, நாகரிகம் பற்றி 1930-இல் வெளியிட்ட நூலில் அவரே உடன்பட்டனர். இக்கொள்கையைக் கையிற்கொண்டு கண்ணப்பர் வரலாற்றை நோக்குவார், வேட்டுவ ஊக்கம் பத்தியாகத் திரும்பியதே அது என முடித்தல் எளிது. சேக்கிழார் வாக்கு அம்முடிபிற்கு இடந்தருமா என்பது ஆராயத்தக்கது.

சேக்கிழார் வேடரது வன்மையை மறைத்தாரல்லர். உடுப்பூரின் கொடுந்தொழில்களை விரித்தே கூறினர். திண்ணனாரைக் காளத்திமலையின் அருகே கொணர்ந்ததும் ஒரு பன்றியைத் தொடர்ந்த வேட்டையே. இறைவனைக் கண்டபின்னும் அவ்வேட்டை நின்றிலது. தாம் எய்த விலங்கின் ஊனைத் தீயிற் பதஞ்செய்து நாவினாற் சுவைகண்டு படைத்தனர். பொன்முகலி நீரை வாயில் முகந்து ஆட்டினர். செருப்படியால் முன்னை மலரை நீக்கினர். இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றனர். வில்லும் வாயும் காலும் பழையனவே. அங்ஙனமாயின் மாறியது யாது?

திண்ணனார் குடுமித்தேவரைக் காணுமுன்னரே இறைவனது அருணோக்கம் அவர்மேற் பட்டது என்றும், அதனால் அவர் அன்பே உருவாயினர் என்றும் சேக்கிழார் முறைவைத்தனர். இம்முறைவைப்பே ஈண்டு உயிர்நிலை. ஊக்கத்தைத் திருப்பியவர் திண்ணனார் அல்லர், திருப்பியது திருவருள். கரணங்கள் மாயையின் காரியம். அவை விடியுமளவும் உதவும் விளக்குப் போல்வன என்பது உமாபதி சிவனார் திருவருட்பயனிற் காட்டிய கருத்து. உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று. ஆணவத்தைச் சார்ந்துழி அதன் கரணங்கள் பசுகரணமாம். அருளைச் சார்ந்துழி அவையே சிவகரணமாம். ஆகலின் கரணத்தை அழித்தலும் வேண்டா. தொழிலை மட்டும் மாற்றுதலும் போதாது. சார்பு மாறுதல் வேண்டும். கல்லாத வேடர்க்கு இது கைகூடினமையின், சிறப்பாற்றலுடைய சிலர்க்கே உரித்தென்னும் வரையறையும் ஈண்டுச் செல்லாது.

அற்றேல், தன் சினத்தையும் கொடுமையையும் சிவத்தொண்டென்று பெயரிட்டு ஒருவன் நடத்துவானாயின் அதனைத் தடுப்பது யாதெனின், விடை ஆறாம் நாள் நிகழ்ச்சியில் உளது. திருக்கண்ணிற் குருதி கண்ட திண்ணனார் முதற்கண் வில்லை எடுத்துப் பகைவரைத் தேடினர். மனிதரையும் காணார், விலங்கையும் காணார். அதன்பின் பச்சிலை தேடிப் பிழிந்தனர், குருதி நின்றிலது. மூன்றாவதாகவே ஊனுக்கு ஊன் என்னும் மொழியை நினைந்து, அம்பினால் தங்கண்ணை அகழ்ந்து அப்பினர். சினம் பகையைத் தேடிற்று. அறிவு மருந்தைத் தேடிற்று. அன்பு தன்னையே தந்தது. பிராய்டு கூறும் மாற்றம் பச்சிலையளவிற் செல்லும். அதற்கப்பால், பிறவுயிரைத் துளைத்த அம்பு எய்தவர்மேலே திரும்பியது. அத்திருப்பம் 'யான்' என்னும் முனைப்பு நிற்குமளவும் நிகழாது.

இதனால் ஆகமவிதி இகழப்பட்டதென்பாரும் தவறினர். சிவகோசரியாரை மறைந்திருந்து காணுமாறு இறைவன் பணித்தது அவரைக் கடிதற்கன்று. விதியின் பயன் அன்பே எனக் காட்டுதற்கேயாம். திண்ணனார் செயல் பின்பற்றற்கு உரியதன்று. அவரது சார்பே உரியது. ஒருவனது தொண்டு ஆணவத்தின் வேட்டையோ அருளின் பணியோ என ஐயுறுங்கால், அம்பு யார் கண்ணை நோக்கி நிற்கின்றது என்று வினாவுதல் அமையும்.