தையல்காரனின் கத்தரிக்கோல்: விரல் சூப்பிய கோன்ராடின் கதை

ஜெர்மன் குழந்தைகளுக்குப் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு கதைப்பாட்டு இருக்கு. அம்மா வெளியே கிளம்புகிறாள். போகும்முன் மகன் கோன்ராடைக் கூப்பிட்டு, சமர்த்தா இருக்கணும், முக்கியமா விரல் சூப்பக் கூடாது, சூப்பினால் தையல்காரன் வந்து காகிதத்தை வெட்டுற மாதிரி விரலை வெட்டிடுவான் என்று எச்சரிக்கிறாள். அவள் வாசல் தாண்டியதுதான் தாமதம், கட்டைவிரல் வாய்க்குள் போகிறது. கதவு படாரென்று திறக்க, ராட்சசக் கத்தரிக்கோலோடு தையல்காரன் பாய்ந்து வந்து இரண்டு கட்டைவிரலையும் நறுக்கிவிடுகிறான். கடைசிப் படத்தில் கைக்கு நான்கு விரலோடு பையன் சோகமாக நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

எழுதியவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து டாக்டர். 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகன் கார்லுக்குப் பரிசாக ஒரு படப்புத்தகம் தேடி அலைந்திருக்கிறார். கடையில் இருந்ததெல்லாம் உபதேசமும் நீளக் கதைகளும்தான். கடுப்பாகி ஒரு வெற்று நோட்டு வாங்கிவந்து, தானே பாட்டெழுதிப் படமும் வரைந்தார். பார்த்த நண்பர்கள் விடவில்லை, 1845ல் புனைபெயரில் அச்சுக்குப் போனது. பிறகு ‘ஸ்ட்ருவெல்பீட்டர்’ என்ற பெயர் நிலைத்தது, அதாவது பரட்டைத்தலை பீட்டர். 1848லேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. மார்க் ட்வைன் 1891ல் தன் மகள்களுக்காக ஒரு மொழிபெயர்ப்பு செய்தார். இன்றும் அச்சில் இருக்கிற புத்தகம், ஃபிராங்க்ஃபர்ட்டில் அதற்கென்று ஒரு மியூசியமே இருக்கு.

இந்தப் பாட்டைப் பற்றி வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, இது கொடூரம், பிஞ்சு மனசைப் பயமுறுத்துகிறது என்பது. எனக்கு இதில் பெரிய உடன்பாடு இல்லை. நம் ஊரிலும் பூச்சாண்டி வருவான், பிள்ளை பிடிக்கிறவன் சாக்கோடு வருவான், பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். மேலும் ஹாஃப்மனின் தையல்காரன் நெட்டைக் கால்களோடு காற்றில் பறந்து வருகிறான். பயத்தோடு ஒரு சிரிப்பும் வரும். அளவுக்கு மீறிய தண்டனையில் ஒரு நகைச்சுவை இருக்கிறது, குழந்தைகளுக்கு அது பெரியவர்களைவிட நன்றாகப் புரியும்.

எனக்கு இடிப்பது வேறு இடத்தில். புத்தகத்தின் மற்ற கதைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீப்பெட்டியோடு விளையாடிய பாலின்ஷன் தீயில் எரிகிறாள். சூப் வேண்டாம் என்று அடம்பிடித்த காஸ்பர் மெலிந்து மெலிந்து ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். வானத்தைப் பார்த்தே நடந்த ஹான்ஸ் ஆற்றில் விழுகிறான். நாயைச் சாட்டையால் அடித்த ஃப்ரீட்ரிஷை நாய் கடிக்கிறது. எல்லாமே மிகை, ஆனால் செயலுக்குள்ளேயே அதன் விளைவு இருக்கிறது. கறுப்பினச் சிறுவனைக் கேலி செய்தவர்களை நிக்கோலஸ் மைக்கூட்டில் முக்கி எடுக்கும் கதையில் மட்டும் தண்டிக்க வெளியாள் வருகிறார். அங்கேயாவது இன்னொருவன் மனசு புண்பட்டிருக்கிறது.

கோன்ராட் யாரை என்ன செய்தான்? விரல் சூப்பினால் என்ன ஆகும் என்று அந்தப் பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. எழுதியவர் டாக்டர், காரணம் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். இயல்பாக வரக்கூடிய விளைவு ஒன்றும் கையில் இல்லாததால்தான் கதவை உடைத்துக்கொண்டு ஒரு தையல்காரன் வரவேண்டியிருக்கு. குற்றம் செய்த விரலுக்கே தண்டனை என்பது பொருத்தம்தானே என்று கேட்கலாம். பொருத்தம் சரி, காரணம் எங்கே?

இன்னொன்று. விரல் எப்போது வாய்க்குப் போகிறது? அம்மா போன அந்த நொடியில். கீழ்ப்படியாமை என்று சொல்வதற்காக ஹாஃப்மன் அப்படி அமைத்திருக்கிறார், ஆனால் அவரையும் மீறிப் பாட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறது. தனியாக விடப்பட்ட குழந்தை தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டாக்டரைக் கண்டாலே அலறும் குழந்தைகளை அமைதிப்படுத்த, பென்சிலை எடுத்துக் கிறுக்குப் படம் போட்டுக் கதை சொல்வது தன் வழக்கம் என்று ஹாஃப்மனே பின்னாளில் எழுதியிருக்கிறார். அழுகிற பிள்ளைக்கு ஆறுதல் எவ்வளவு அவசியம் என்று தெரிந்த மனுஷன், அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்கும் ஆறுதலை வெட்டி எறிகிறார்.

ஜெர்மன் மூலத்தில் அம்மா திரும்பி வந்ததும் ஒன்றும் பேசுவதில்லை. பையன் நிற்பதோடு பாட்டு முடிகிறது. 1848 ஆங்கில மொழிபெயர்ப்பில் அம்மா வாய் திறக்கிறாள், அவன் வருவான்னு எனக்குத் தெரியும் என்கிற தொனியில். இது மொழிபெயர்ப்பாளர் கைவரிசை. மூலத்தின் மௌனத்தில் கொஞ்சமாவது திகைப்பு இருந்தது, ஆங்கிலத்தில் அது ‘நான் அப்பவே சொன்னேன்ல’ ஆகிவிட்டது. மோசமான மாற்றம் என்பேன்.

ஹாஃப்மன் காலியாக விட்ட காரணத்தின் இடத்தை, பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் தனக்குப் பிடித்த காரணத்தால் நிரப்பியது. 1879ல் லிண்ட்னர் என்ற ஹங்கேரிக் குழந்தை மருத்துவர் இந்தப் பழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதி, அதைப் பாலின்பத்தோடு சேர்த்தார். ஃப்ராய்ட் 1905ல் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு, குழந்தைப் பாலுணர்வுக்கு முதல் உதாரணமே விரல் சூப்புவதுதான் என்றார். ஃப்ராய்ட் கண்டிக்கவில்லை, விளக்கினார். ஆனால் வீடுகளுக்கு விளக்கம் போய்ச் சேரவில்லை, பயம்தான் சேர்ந்தது. 1914ல் அமெரிக்க அரசின் குழந்தைகள் துறை வெளியிட்ட வளர்ப்புக் கையேடு, சட்டைக் கையை விரலுக்கு மேலே இழுத்து ஊசி குத்தி வை, அல்லது தைத்துவிடு என்று தாய்மார்களுக்குச் சொல்லியது. தையல்காரன் இந்தமுறை அரசாங்கச் செலவில் வந்தான்! அதே கையேடு 1940களின் பதிப்புகளில் சாந்தமாகிவிட்டது. குழந்தை மாறவில்லை, கையேடுதான் மாறியது.

சரி, உண்மையில் தெரிந்தது என்ன? விரல் சூப்புவது பிறக்கும்முன்பே தொடங்கிவிடுகிறது, ஸ்கேனில் பார்க்கலாம். பெல்ஃபாஸ்ட்டில் பீட்டர் ஹெப்பர் குழுவினர், கருவில் விரல் சூப்பியதைப் பதிவுசெய்த 75 குழந்தைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதில் மறுபடி பார்த்தார்கள். வலது கட்டைவிரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கை. யாரும் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் இல்லை இது.

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டிலிருந்து நான்கு வயசுக்குள் தாங்களாகவே விட்டுவிடுகிறார்கள். விடாதவர்களுக்கு வரும் ஒரே கனமான பிரச்சினை பல். மேல் முன்பற்கள் வெளியே தள்ளும், கீழ்ப்பற்கள் உள்ளே சாயும், வாயை மூடினாலும் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி நிற்கும், மேல்தாடை குறுகலாம். சும்மா விரலை வாயில் வைத்துத் தூங்குவது வேறு, நாள் முழுக்கச் சத்தம் வர உறிஞ்சுவது வேறு. எவ்வளவு அழுத்தம், எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம் என்பதுதான் கணக்கு. பால்பல் காலத்தில் நிறுத்தினால் முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானாகவே சரியாகும். நிரந்தர முன்பற்கள் ஆறு வயசையொட்டி முளைக்கின்றன, அதற்குள் விட்டால் நல்லது. அழுக்குக் கை, கிருமி என்பார்கள். நியாயமான கவலை, கை கழுவிவிடலாம். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில் ஒரு விசித்திரம்: விரல் சூப்புதல், நகம் கடித்தல் இரண்டும் இல்லாத பிள்ளைகளில் 49 சதவீதம் பேருக்கு 13 வயசில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரிந்தது, ஏதாவது ஒன்றாவது இருந்தவர்களில் 38 சதவீதம். ஆஸ்துமாவிலோ மூக்கடைப்பு ஒவ்வாமையிலோ வித்தியாசம் இல்லை. இதை வைத்து யாரும் பிள்ளைக்கு விரல் சூப்பப் பழக்கவேண்டாம்.

ஆகவே என் கட்சி இதுதான். கைக்குழந்தை விரலைச் சூப்பினால் பசியா, தூக்கமா, பல் முளைக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையா, விட்டுவிடுங்கள். வாயில விரல் வச்சா கடிக்கத் தெரியாத பச்சப்புள்ளைன்னு பேச்சுக்குச் சொல்கிறோம், அந்தப் பச்சப்புள்ளையின் விரலில்தான் வேப்பெண்ணெயைத் தடவுகிறோம். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அந்தக் கசப்பு எதற்கென்று புரியாது, தன் கையே தன்னை ஏமாற்றிய மாதிரி இருக்கும். எண்ணெய் தடவிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அலறுவது தனிக்கதை. கத்தரிக்கோல் இல்லையென்றாலும் இதுவும் தையல்காரன் வேலைதான்.

நான்கைத் தாண்டினால் பேச்சு வேறு. அந்த வயசில் கண்ணாடி முன் நிற்கவைத்து, பல் எப்படித் தள்ளியிருக்கு பார் என்று காட்டலாம், காரணத்தைச் சொல்லலாம். சூப்பாத நாளுக்குக் காலண்டரில் ஒரு ஸ்டிக்கர், ராத்திரி விரலில் ஞாபகத்துக்கு ஒரு பிளாஸ்திரி, அதுவும் பிள்ளை ஒத்துக்கொண்டால். மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2015ல் தேடியபோது இந்த வழிகளைச் சோதித்த ஆய்வுகள் ஆறுதான் தேறின, எல்லாம் சிறியவை. ஊக்கப்படுத்துவதும் பல் டாக்டர் வாய்க்குள் பொருத்தும் கருவியும் உதவுவதாகத் தெரிகிறது, ஆனால் ஆதாரம் பலமில்லை. கருவி கடைசியில் வரட்டும். அதற்கு முன்னால், எந்த நேரத்தில் விரல் வாய்க்குப் போகிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள்: டிவி முன்னாலா, ஸ்கூல் வேன் வரும்போதா, வீட்டில் சத்தமாகச் சண்டை நடக்கும்போதா, கோன்ராடுக்கு மாதிரி நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதா என்று.